1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே இருந்தார்? புதுச்சேரி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோருக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் வேர் உள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக, இருந்தார், பாட்டி வியட்நாமின் சைகோனில் பிறந்தவர், அவர்களுடைய பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருக்கிறது, பெரியப்பா குடும்பம் பாரிசில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியிருக்க நமக்கு மட்டும் அந்தக் குடியுரிமை ஏன் கிடைக்காது என்பதே அது. தாத்தா பிரெஞ்சுக்காரராக இருந்தாரா என்பதை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்த மண்ணின் மக்களில் பெரும்பாலோர் சட்டப்படி ஒரு காலத்தில் பிரெஞ்சுக் குடிமக்கள்தான். எல்லை சட்டப்படி மாறிய 1962 ஆகஸ்ட் 16 அன்று அவர் எங்கே பிறந்தவராக, எங்கே குடியிருந்தவராக இருந்தார், அதற்கடுத்த ஆறு மாதங்களில் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். பேரன் பேத்திகளுக்கென்று தனியாக ஓர் உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் கிடையாது. பெற்றோரில் ஒருவரேனும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்று பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தாத்தா 1962-க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடிமகனாக நீடித்தார், அதனால் உங்கள் அப்பா அல்லது அம்மா பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்தார், அதனால் நீங்களும் அப்படியே பிறந்தீர்கள் என்று மூன்று கண்ணிகளையும் ஒவ்வொன்றாக ஆவணத்தோடு நிறுவ வேண்டும். நீங்கள் புதிதாகக் குடியுரிமை கேட்கவில்லை. பிறந்தது முதலே இருப்பதாகச் சொல்லும் ஒன்றுக்குச் சான்று கேட்கிறீர்கள். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் பல விதிகள் தாமாகவே விளங்கும்.

எல்லை எப்படி மாறியது என்பதைத் தேதியோடு தெரிந்துகொள்வது அவசியம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அது நடைமுறை மாற்றம் மட்டுமே. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் தபால் தலையும் காவல்துறையும் இந்தியாவுடையவையாக மாறிவிட்டன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த மண் பிரான்சினுடையதாகவே இருந்தது. 1958-இல் காரைக்காலில் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தை பிறப்பால் பிரெஞ்சுக் குழந்தைதான். 1954-லேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோப்பைத் தவறான தேதியின் மேல் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் ஆகிய நான்குக்கும் இந்த ஒப்பந்தம்தான். சந்திரநாகூர் வேறு கதை. அதற்கான ஒப்பந்தம் 1951-லேயே கையெழுத்தாகி 1952-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஊர்க் குடும்பங்கள் இங்கே சொல்லும் தேதிகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இனி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அந்த நான்கு பகுதிகளுக்குள் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே நிலையாகக் குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுப்பகுதிக்குள், எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. குடும்பங்களில் ஆப்ஷன் என்று பேசப்படுவது இந்த அறிவிப்பைத்தான். அங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவின் பிற பகுதிகளில், உதாரணமாகச் சென்னையிலோ கடலூரிலோ குடியிருந்தவர்களுக்கும் இதே நிலைதான்; எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். ஆனால் அங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே, பிரான்சிலோ வியட்நாமிலோ ஆப்பிரிக்காவிலோ நிலையாகக் குடியிருந்தவர்கள் நேர்மாறு. அவர்கள் எதையும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லாமலேயே பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தார்கள்.

நான்காவது வகையினர் பலருக்கும் தெரியாதவர்கள். ஒப்பந்தத்தின் இழப்பு விதிகள் அந்தப் பகுதிகளுக்குள் பிறந்தவர்களைப் பற்றியே பேசுகின்றன. வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள், அன்றைக்குப் புதுச்சேரியில் குடியிருந்தாலும், அந்த விதிகளுக்குள் வரமாட்டார்கள் என்பதே இதன் பொருள். சைகோனில் பிறந்து பிள்ளைப் பருவத்தில் ஊர் திரும்பியவர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. புதுச்சேரி நிலப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். பாகூரும் நெட்டப்பாக்கமும் அன்றைய தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. தெருவைக் கடந்தால் வேறு நாடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தாய்வீடு கடலூர்ப் பக்கம் இருந்தால், பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்த மூத்த பிள்ளை ஆங்கிலேயர் மண்ணில் பிறந்தவராகிவிடுவார். அடுத்தடுத்த பிள்ளைகள் புதுச்சேரியில் பிறந்திருப்பார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கூரையின் கீழ் பிறந்தார்கள் என்று விசாரிப்பதிலிருந்துதான் இந்த வேலை தொடங்குகிறது.

வயதுக் கணக்கும் முக்கியம். பிரான்சில் அப்போது வயது வருவதற்கு 21 ஆண்டுகள் ஆக வேண்டும். ஒப்பந்தமோ 18 என்று வைத்தது. 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பே தீர்மானித்தது; தந்தை இறந்திருந்தால் தாயின் அறிவிப்பு. அந்த அறிவிப்பில் பிள்ளைகளின் பெயர்களும் குறிக்கப்பட வேண்டும். 18 நிரம்பியவர்கள் தாங்களே கையெழுத்திட வேண்டும். கணவர் எடுத்த முடிவு மனைவியைக் கட்டுப்படுத்தவில்லை. இதன் விளைவை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். 1962-இல் மூத்தவருக்கு 19 வயது, இளையவருக்கு 15. தந்தை ஆப்ஷன் கொடுத்தார், இளையவரின் பெயரையும் எழுதினார். அப்பா போட்ட கையெழுத்தே போதும் என்று மூத்தவர் இருந்துவிட்டார். அன்று முதல் தம்பி பிரெஞ்சுக்காரர், அண்ணன் இந்தியர். சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள் என்பதை ஆதாரமாகக் காட்டி விண்ணப்பிக்கும் மூத்தவரின் பேரனுக்கு மறுப்பு வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கேள்விகளோடு தொடர்பில்லாத சில விஷயங்களைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி இந்து, முஸ்லிம் தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள், அந்தப் பெயரே போதும் என்று நினைப்பதுண்டு. அந்த ஆணை திருமணம், சொத்து போன்றவற்றில் எந்தச் சட்டம் செல்லும் என்பதைப் பற்றியது. 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் துறந்தவர், துறக்காதவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியமும் அப்படியே. அது செய்த சேவைக்கு வரும் பணம், குடியுரிமைக்குச் சான்றல்ல. ஆயினும் ராணுவக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1962 ஆகஸ்டில் தாத்தா எந்த ஊர் முகாமில் இருந்தார், குடும்பத்தை உடன் அழைத்துச் சென்றிருந்தாரா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. படைவீரர்களின் தனிக்கோப்புகள் பிரான்சின் போ (Pau) நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன, எழுதிக் கேட்கலாம். பணியிடமும் நிலையான குடியிருப்பும் சட்டத்தில் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, மக்கள், வீடு எல்லாம் காரைக்காலில் இருக்க, தாத்தா மட்டும் படையோடு வெளிநாட்டில் இருந்திருந்தால் அது எளிதான வழக்காக இராது.

ஆவணம் சேர்ப்பதைத் தாத்தாவிடமிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். உங்களிடமிருந்து மேலே போகாதீர்கள். மேல்கண்ணி இல்லையென்றால் கீழே செலவழித்த பணம் அத்தனையும் வீண். பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் மூன்று இடங்களில் தேட வேண்டியவை. ஊர் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்று. எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் இன்னொன்று. பழைய பதிவேடுகளின் படங்களை அது இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மூன்றாவது, வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளைப் பராமரிக்கும் நாந்த் நகரத்து மையப் பதிவகம். தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ நாந்த்தில் பதிவு இருப்பது, ஒரு காலத்தில் பிரான்ஸ் அவர்களைத் தன் குடிமக்களாக நடத்தியது என்பதற்கு நல்ல அறிகுறி. ஆப்ஷன் அறிவிப்பின் நகல் வீட்டில் இல்லையென்றால், புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குத் தாத்தாவின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றோடு எழுதிக் கேளுங்கள்.

பழைய பதிவை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். தேதி எண்ணில் இராது. ஆண்டு, மாதம், நாள், மணி உட்பட எல்லாம் எழுத்தில், நீண்ட ஒரே வாக்கியமாக ஓடும். பிறப்பைச் சொல்ல வந்தவர் யார், அவர் வயது, தொழில், சாட்சிகள் யார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதைவிட முக்கியம் ஓரத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட குறிப்புகள். திருமணம், பெயர்த் திருத்தம், சில வேளைகளில் குடியுரிமை பற்றிய குறிப்பு ஆகியவை அங்கேதான் ஏறும். ஆகவே சுருக்க நகல் கேட்காமல் முழு நகல்தான் கேட்க வேண்டும். சுருக்க நகலைக் கட்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, முழு நகல் எங்கே என்ற ஒரு வரிக் கடிதத்தைப் பெற்றவர்கள் ஏராளம்.

அடுத்து பெயர். மறுப்புகளில் பல இங்கேதான் விளைகின்றன என்று சொன்னால் மிகையாகாது. பிரெஞ்சு எழுத்தர் நம் பெயர்களைத் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். ஆறுமுகம் என்ற பெயரில் வரும் 'று', 'மு' இரண்டின் உகரத்துக்கும் பிரெஞ்சு வழக்கப்படி ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகள் விழுந்திருக்கும். அதே ஆறுமுகத்தின் மகன் தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது தந்தை பெயர் ஆங்கில வழக்கப்படி ஒற்றை யூவோடு ஏறியிருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆறுமுகம். பாரிசில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு வேறு ஆட்கள். போதாக்குறைக்கு நம்மிடம் குடும்பப்பெயரும் இல்லை. தாத்தாவின் பெயர் அப்பாவுக்கு முதலெழுத்தாகி, அப்பாவின் பெயர் நமக்கு முதலெழுத்தாகி, மூன்று தலைமுறைப் பதிவில் பொதுவான ஒரு சொல்கூட இராது. இதற்கு வழி, ஒவ்வொரு கண்ணியிலும் பெற்றோர் இருவரின் பெயரும் பிறந்த தேதியும் ஊரும் பொருந்துவதைக் காட்டுவதும், இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒருவரையே குறிக்கின்றன என்று நகராட்சி அல்லது நீதிமன்றம் தந்த சான்றை இணைப்பதும்தான். வேறுபாட்டை மறைக்க முயலாதீர்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இந்தியப் பிறப்புச் சான்றிதழ்களில் இன்னொரு பொறி உண்டு. பிறந்து ஓராண்டு கழித்துப் பதிவான பிறப்புக்கு 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) ஆணை தேவைப்பட்டிருக்கும். சான்றிதழில் பதிவுத் தேதி தாமதமாக இருந்தால் அந்த ஆணையின் சான்றிட்ட நகலையும் சேர்த்தே அனுப்புங்கள். அது இல்லாத சான்றிதழுக்கு பிரெஞ்சு அதிகாரிகள் மதிப்புத் தர மறுக்கக்கூடும். பெற்றோர் பிள்ளை உறவு, பிள்ளை வயது வருவதற்கு முன்பே சட்டப்படி நிறுவப்பட்டிருந்தால்தான் குடியுரிமையில் அதற்குப் பலன் உண்டு என்பதும் பிரெஞ்சுச் சட்ட விதி. நாற்பது வயதில் அவசரமாகப் பதிவு செய்த பிறப்பு, கோவிலில் நடந்து அறுபது ஆண்டுகள் கழித்துப் பதிவேறிய திருமணம் ஆகியவற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பதன் காரணம் இதுதான். எல்லா இந்திய ஆவணங்களுக்கும், அவற்றை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையும், பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். முத்திரை குத்திய பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். அப்போதுதான் முத்திரையும் மொழிபெயர்ப்புக்குள் வரும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் கதவை மூடிவிடக்கூடிய விதி ஒன்று இருக்கிறது. குடிமைச் சட்டத்தின் 30-3 ஆம் பிரிவு அது. எந்த முன்னோர் வழியாகக் குடியுரிமை கோருகிறீர்களோ அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கியிருந்து, நீங்களும் வெளிநாட்டிலேயே வசித்து வந்து, நீங்களோ உங்கள் பெற்றோரோ அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்படவும் இல்லை என்றால், வம்சாவழியில் குடியுரிமையை நிரூபிக்கவே உங்களை அனுமதிக்க மாட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16 முதல் கணக்கிட்டால் அந்த ஐம்பது ஆண்டு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. சைகோனில் பிறந்த பாட்டியின் வழியில் மிக வலுவான கோரிக்கை வைத்திருப்பவர்கள்கூட இந்த இடத்தில் விழுந்துவிடுகிறார்கள். பாட்டி தான் பிரெஞ்சுக் குடிமகள் என்று அறியாமலேயே இந்திய வாக்காளர் அட்டையோடு வாழ்ந்து முடித்திருப்பார். அம்மாவுக்கும் அது தெரியாது.

ஆகவே ஆவணம் தேடும்போது பிறப்புச் சான்றிதழுக்கு இணையாகத் தேட வேண்டியவை வேறு சில: அப்பா அல்லது அம்மா பெயரில் 2012-க்கு முன் வழங்கப்பட்ட பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, தூதரகப் பதிவு அட்டை, பிரெஞ்சுத் தேர்தல் வாக்காளர் பதிவு, கட்டாய ராணுவ சேவைக்கான அழைப்பு, பிரான்சில் வசித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டு அல்லது வாடகை ரசீது. பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக நடத்தப்பட்டதற்கு இவற்றில் சில கிடைத்தாலே தடை விலகலாம். காலம் கடந்த பிறகு புதிதாக ஏதாவது அட்டை எடுத்து ஓட்டையை அடைக்க முடியாது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய ஆவணத்தின் பெயர் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். நேரே தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டு கேட்பது பலரின் முதல் தவறு. குடியுரிமையில் ஐயம் இருந்தால் அவர்கள் இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களைப் பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவு பார்க்கிறது. 2022 செப்டம்பர் முதல் அதற்கெனக் குறிக்கப்பட்ட படிவத்தில், எந்த வழியில் குடியுரிமை கோருகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அந்த இடத்தில் தாத்தா ராணுவத்தில் இருந்தார் என்று கதை எழுத வேண்டாம். ஒப்பந்தத்தின் எந்த வகைக்குள் அவர் வருகிறார், ஆப்ஷன் கொடுத்தாரா அல்லது வெளிநாட்டில் குடியிருந்ததால் நீடித்தாரா, அடுத்த தலைமுறைக்கு அது எப்படி வந்தது என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண்ணைக் குறியுங்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே இந்தச் சான்றிதழ் கிடைத்திருந்தால் இணைத்துவிடுங்கள். ஆனால் அது அவருக்கு மட்டுமே சட்டப்படியான சான்று. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தோளிலிருந்து இறங்கிவிடாது.

மறுப்பு வந்தால் அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும். அதற்கு பிரெஞ்சு வழக்கறிஞர் கட்டாயம். 30-3 பிரிவினால் தடுக்கப்பட்டவர்களுக்கு 21-14 ஆம் பிரிவு ஒரு பக்கவாசல் திறந்து வைத்திருக்கிறது. பிரான்சோடு பண்பாடு, தொழில், பொருளாதாரம் அல்லது குடும்ப வழியில் வெளிப்படையான பிணைப்பைக் காத்து வந்தவர்களோ, பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களோ அறிவிப்பு மூலம் குடியுரிமையைக் கோரலாம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து பிரெஞ்சுக் குடிமகனாகவே நடத்தப்பட்டு, பிறகு அது தவறு என்று தெரியவந்தவர்களுக்கு 21-13 ஆம் பிரிவு உண்டு. பழைய ஆப்ஷன் காகிதம் 'ஏற்பாடு' செய்து தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள். போலி அறிவிப்பு பிடிபட்டால் குற்ற வழக்கு வரும். உங்கள் உண்மையான ஆவணங்கள்மீதும் சந்தேகம் விழும்.

கடைசியாக இந்தியப் பக்கத்துக் கணக்கு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு இந்தியக் கடவுச்சீட்டைப் பயன்படுத்துவது குற்றம். அதை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் எனப்படும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை இருந்தாலும் வாக்குரிமையோ அரசுப் பணியோ கிடையாது. விவசாய நிலம் வாங்கவும் முடியாது. ஊரில் நஞ்சை புஞ்சை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், பாரிசுக்குக் கோப்பைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.